மூன்றாவது ஓய்வு

முதல் ஓய்வுக்கு மாலை போட்டார்கள்.
கவுந்தப்பாடி மின்னொளி மைதானத்தில்
மைக் பிடித்தவர் மூச்சு வாங்கச் சொன்னார்:
"எட்டாம் நம்பர், நம்ம செட்டர் சென்னியப்பன்,
இருபது வருசம்!"
பதினேழுதான். திருத்தவில்லை.
கோகிலவாணி சால்வையை மடித்து பீரோவில் வைத்தாள்.
நாற்பத்தொரு நாள்.
யஷ்வந்துக்குக் கணுக்கால் பிசகிவிட்டதென்று
போன் வந்தபோது
எண்ணெய்க் குளியல் முடித்த ஈரத்தலையோடு
பையைத் தேடத் தொடங்கியிருந்தேன்.

இரண்டாவதற்குக் கிடாய் வெட்டினார்கள்.
கறி தின்ற வாய்களே அடுத்த மாசம் கேட்டன:
"அந்தியூர் மேட்ச்சுக்கு வர்றீங்கல்லங்?"
போனேன்.

செட்டர் பந்தை அடிப்பதில்லை.
அடிக்கிறவனுக்கு அதைக் காற்றில் வைத்துவிட்டு
விலகிக்கொள்கிறவன்.
பேப்பர் படத்தில் மாதேஸ்
வில்லாய் வளைந்து அந்தரத்தில் நிற்பான்.
ஓரத்தில் வெட்டுப்பட்ட ஒரு முழங்கை இருக்கும்.
அது நான்.

சர்வ் போடுமுன்
முதுகுக்குப் பின்னால் விரல் காட்டுவேன்.
ஒன்று என்றால் நெட்டை ஒட்டி, தாழ்வாக.
இரண்டு என்றால் தலைக்குப் பின்னால்.
மூடிய கை என்றால்
நானே தட்டிவிடுவேன், நீங்கள் குதித்து ஏமாற்றுங்கள்.
எதிராளிக்குத் தெரிவது என் முகம் மட்டும்.
அதில் ஒன்றையும் வைத்துக்கொள்ளாதிருக்கப்
பத்து வருசம் பழகினேன்.
வீட்டிலும் அது கழன்று விழவில்லை.
"செவுத்துகிட்டப் பேசறாப்புல இருக்குதுங்" என்பாள்.

ராக்கியண்ணனுக்கும் விரல் கணக்குதான்.
இப்போது ஏழு ரிக் வண்டி,
எங்கள் பனியனில் அவர் போர்வெல் கம்பெனிப் பேர்.
அதற்கு முன் சந்தை சந்தையாய் மாட்டுத் தரகு.
வருசா வருசம் என் சம்பளத்தைத்
துண்டுக்குள் கைவிட்டு, விரல் பிடித்தே பேசுவார்.
விளையாட்டுக்குத்தான் என்று
இருவருமே சிரித்து வைப்போம்.
ஒரு காலத்தில் ஐந்தையும் சேர்த்துப் பிடித்தார்.
பிறகு நான்கு.
போன தையில் மூன்றைப் பிடித்தவர் விடவில்லை,
மோதிர விரலின் வீங்கிய கணுவை
மெல்லத் தடவிப் பார்த்தார்,
மாட்டின் கடைப்பல்லைத் தடவுகிற மாதிரி.
அவரும் ஒன்றும் சொல்லவில்லை.
துண்டுக்கு வெளியே
டீ ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

பெருந்துறை. ஐந்தாவது செட்.
பதினாலுக்குப் பதிமூணு.
விளக்கைச் சுற்றி ஈசல்.
உயரமாக, நிதானமாக, நல்ல பந்தாகத்தான் வந்தது.
விரல்கள் எல்லாம் ஒருசேரத் தொட வேண்டும்.
மற்றவை தொட்டன.
மோதிர விரல் மட்டும்,
பந்தி முடிந்து இலை எடுக்கும்போது
கல்யாணத்துக்குள் நுழைகிறவன் போல,
ஒரு இமைப்புப் பிந்தி வந்து தொட்டது.

டபுள் டச்.
தொட்டவனுக்குத் தெரியும்.
விசிலுக்காக நின்றேன்.
நடுவர் மேடையில்
கழுத்தில் விழுந்த ஈசலைத் தட்டிக்கொண்டிருந்தார்.
மாதேஸ் அடித்தான். பந்து கோட்டில் விழுந்து
கூட்டத்துக்குள் போயிற்று.
பட்டாசு. கோப்பை. ராக்கியண்ணன்
என்னைத் தூக்கச் சொன்னார், தூக்கினார்கள்.
அத்தனை உயரத்திலிருந்து பார்த்தபோது
பெஞ்சில் யஷ்வந்த் ஒருவன்தான்
என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தான்.
பிறகு குனிந்து,
ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேஸை
அவிழ்த்துக் கட்டினான்.

மறுநாள் பனியனைத் துவைத்து
மாடியில் காயப்போட்டேன்.
சாயங்காலம் மடித்து ஆபீசில் கொடுத்துவிட்டு வந்தேன்.
மைக் இல்லை, கிடாய் இல்லை.
"இது எத்தன நாளைக்குங்?" என்றாள் கோகிலவாணி.
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் என் முகத்தில் எதையோ பார்த்துவிட்டு
அடுப்பைக் குறைக்கப் போனாள்.

இப்போது காலையில் கோபி பஸ் ஸ்டாண்டில்
ரோட்டைப் பார்த்து நிற்கிறேன்,
டீக்கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு,
கையைப் பின்னால் கட்டி.
சத்தி பஸ் வளைந்து திரும்புகிறது.
"இந்தாங்" என்று பின்னாலிருந்து குரல்.
மாஸ்டர், இரண்டு கிளாஸோடு.
"நா ஒண்ணுங்கூடச் சொல்லுலீங்களே?"
"வெரல்ல ரெண்டு காட்டுனீங்கல்ல?"

ரெண்டையும் வாங்கிக்கொண்டேன்.